தம்பி கையில் ஊசித் தடம்: சென்டரில் சேர்ப்பதா, மனநல டாக்டரிடம் போவதா?

கெடிலக்கரை_அக்கா | திருப்பாதிரிப்புலியூர் | செவ்வாய் இரவு 11:52

வணக்கம். இத வெளிய யார்கிட்டயும் கேக்க முடியல. நான் வாழப்போன எடத்துல தெரிஞ்சா பேச்சு வேற மாதிரி போயிடும்.

தம்பிக்கு 24 வயசு. சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. அப்பா கொரோனா ரெண்டாவது அலையில தவறினதுல இருந்தே ஆள் சரியில்ல. ராத்திரி தூக்கம் கெடையாது. சாப்பாட்டுல கை வெச்சிட்டு அப்படியே உக்காந்திருப்பான். கொஞ்ச மாசமா முழுக்கை சட்டைதான், இந்த சித்திர வெயில்லயும். ஏதோ லவ் மேட்டர்னு நெனச்சோம். நேத்து காலையில துணி ஊறப்போட எடுத்தப்ப அவன் பேன்ட் பாக்கெட்டுல இருந்த ஊசி என் விரல்ல குத்திடிச்சு. அதுக்கப்புறம்தான் எல்லாம் வெளிய வந்துச்சு. வலி மாத்திரைய கரைச்சு நரம்புல ஏத்திக்கிறானாம். முழங்கைக்கு உள்பக்கம் தடிச்சு கறுத்துக் கெடக்கு.

சித்தப்பா போதை மறுவாழ்வு சென்டர் ஒண்ணு சொல்றார். போன் பண்ணா ராத்திரியோட ராத்திரியா வண்டி வந்து தூக்கிட்டுப் போயிடுமாம், ஆறு மாசம் யாரும் பாக்கக் கூடாதாம். அட்வான்ஸ் கட்டச் சொல்றாங்க. இவன் என்னடான்னா "என்ன உட்டுடுக்கா, நான் இருந்து என்ன பண்ணப் போறேன்" றான். அம்மா அழுதுட்டே இருக்காங்க. இதுக்கு சென்டரா, மனநல டாக்டரா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

சுரங்கத்தார் | நெய்வேலி | புதன் காலை 5:30

யோசிக்கவே யோசிக்காதம்மா, சென்டர்ல போடு. என் பையன் குடிக்கு அடிமையா இருந்தான். சென்டர்லதான் திருந்தினான். இப்ப வேலைக்குப் போறான். இதுக்கெல்லாம் மனசு, கவுன்சிலிங்னு இழுத்துட்டிருந்தா ஆள் கைய விட்டுப் போயிடுவான். செல்லம் குடுத்துக் கெட்டதுதான் எல்லாம்.

நம்பிக்கை_மையத்தான் | மஞ்சக்குப்பம் | புதன் காலை 6:10

அக்கா, நான் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கற நம்பிக்கை மையத்துல வேல செய்யறவன். தம்பி விஷயம் அப்புறம். முதல்ல நீங்க. ஊசி உங்க விரல்ல குத்திச்சுன்னு போற போக்குல எழுதிட்டீங்க. அது திங்கக்கிழமை காலைன்னா இன்னும் நேரம் இருக்கு, ஆனா நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

இன்னிக்கே அரசு தலைமை மருத்துவமனைக்குப் போங்க. "உபயோகிச்ச ஊசி குத்திடிச்சு"ன்னு நேரா சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையான்னு டாக்டர் முடிவு பண்ணுவார். தேவைன்னா 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் சாப்பிடணும். பயந்து உறைஞ்சு போயிடாதீங்க. எச்.ஐ.வி. இருக்கறவரோட ரத்தம் பட்ட ஊசியே குத்தினாலும் தொத்தற வாய்ப்பு சுமார் 1000-ல 3தான். மஞ்சள் காமாலை பி-க்குத்தான் (ஹெபடைடிஸ் பி) வாய்ப்பு ரொம்ப அதிகம், அதுக்குத் தடுப்பூசி இருக்கு. டி.டி. ஊசி எப்ப போட்டீங்கன்னும் கேப்பாங்க. குத்தின எடத்த அமுக்கிப் பிழியாதீங்க, வாயில வெக்காதீங்க, சோப்பும் தண்ணியும் போதும்.

போயிட்டு வந்து இங்க ஒரு வரி போடுங்க. அதுவரைக்கும் எனக்கு வேல ஓடாது.

மருந்துக்கடை_வில்லியனூர் | புதன் காலை 9:25

இருபது வருசமா கடை வெச்சிருக்கேன். ஒண்ணு சொல்லியாகணும். வாயில போடற மாத்திரை வாய்க்குத்தான். அதுல மருந்து கொஞ்சம், மிச்சம் எல்லாம் மாவு, செல்லுலோஸ், டால்க்கு. தண்ணியில தெளிஞ்ச மாதிரி கண்ணுக்குத் தெரியும், ஆனா கரையவே கரையாது. நரம்புல போனா நேரா நுரையீரல்ல இருக்குற சின்னச் சின்ன ரத்தக் குழாய்ல போய் அடைச்சிக்கும். மாடி ஏறினா மூச்சு வாங்குது, இருமல் விடலன்னு 25 வயசுப் பையன் வந்து இருமல் சிரப் கேப்பான். கைய நீட்டச் சொன்னா நீட்ட மாட்டான்.

2018-ல டிராமடால்ன்ற வலி மாத்திரைய NDPS சட்டத்துல, அதாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல கொண்டு வந்தாங்க. அது கெடைக்கறது கஷ்டமானதும் பசங்க டேப்பென்டடால்ன்ற இன்னொரு வலி மாத்திரைக்குத் தாவினாங்க. சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு எல்லா கடைக்காரனுக்கும் தெரியும். விக்கறவன் விக்கறான், கூரியர்ல வேற வருது.

இன்னொண்ணும் இருக்கு, சொன்னா அடிக்க வருவீங்க. ரெய்டுக்குப் பயந்து எங்க தெருவுல என்னையும் சேத்து யாரும் வாலிபப் பசங்களுக்கு சிரிஞ்சு தர்றதில்ல. அதனால யாராவது ஊசிய விட்டானா? நாலு பேருக்கு ஒரு சிரிஞ்சுன்னு ஆகிப் போச்சு.

சுரங்கத்தார் | புதன் காலை 10:02

அப்ப சிரிஞ்சு தாராளமா குடுத்து ஆசீர்வாதம் பண்ணச் சொல்றீங்களா கடைக்கார சார்? நல்லா இருக்கு நியாயம்.

நெறியாளர் | புதன் காலை 10:40

ரெண்டு பதிவ எடுத்துட்டேன். எந்த மாத்திரை எங்க கெடைக்கும், என்ன வெல, பார்டர் தாண்டி எந்தப் பக்கம் ஈஸின்னு எழுதினா கணக்க முடக்கிடுவேன். பையனத் திட்டற பதிவும் வேணாம், அக்கா படிக்கிறாங்க.

பழைய_கணக்கு | தேவனாம்பட்டினம் | புதன் மதியம் 1:15

நான் போட்டிருக்கேன் ஊசி. இப்ப இல்ல. அதனால எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்.

சுனாமியில அம்மா போனப்ப எனக்கு ஒம்பது வயசு. மீன்பிடி தடைக்காலத்துல ஒரு சாயங்காலம் எவனோ மாத்திரை குடுத்தான், அன்னிக்கு ராத்திரிதான் ரொம்ப நாள் கழிச்சு அலை சத்தம் கேக்காமத் தூங்கினேன். ஜாலிக்குன்னு ஆரம்பிச்சவன் இருக்கான், இல்லன்னு சொல்லல. ஆனா ஊசிக்குப் போனவன்ல பாதிப் பேரு தூக்கத்துக்குப் போனவன்.

எல்லாரும் கேக்கற கேள்வி, "அடுத்தவன் ஊசியப் போட்டா எய்ட்ஸ் வரும்னு தெரியாதாடா?" நல்லாத் தெரியும். பஸ் ஸ்டாண்டு சுவத்துலயே எழுதியிருக்கு. ஆனா எடம் எப்படின்னு பாருங்க. பாதி கட்டின வீடு, செல்போன் வெளிச்சம், வெளிய பைக் சத்தம் கேட்டாலே போலீஸோன்னு நடுக்கம். ஒடம்பெல்லாம் முறுக்குது, மூக்கு ஒழுகுது, வயிறு கலக்குது. கையில இருக்கறது ஒரே ஊசி. அந்த நேரத்துல மனசுக்குள்ள ஒருத்தன் சொல்லுவான் பாருங்க, "வந்தா வரட்டும், நீ இருந்து யாருக்கு என்ன"ன்னு. அக்கா எழுதின அதே வார்த்த. படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு எனக்கு. வாழணும்ன்ற நெனப்பு இருந்தாத்தானே நோய்க்குப் பயப்படுவான்?

பயப்படுத்தற போஸ்டரால ஒருத்தனும் நின்னத நான் பாத்ததில்ல.

சென்டர் பத்தி. என்னையும் ராத்திரி வண்டி வெச்சுத்தான் தூக்கினாங்க. பேர் வேணாம். காலுல சங்கிலி, கோவம் வந்தா ரப்பர் பைப். டாக்டர்னு ஒருத்தர் வந்ததே இல்ல. வெளிய வந்தப்ப போதையவிட வீட்டு மேல இருந்த ஆத்திரம்தான் பெருசா இருந்துச்சு. என்கூட இருந்த ஒருத்தன் வெளிய வந்த அன்னிக்கே பழைய அளவ போட்டான். அவன் ஒடம்பு அந்தப் பழக்கத்த மறந்திருந்துச்சு. காலையில எழுப்பப் போனவங்க, ராத்திரி பூரா குறட்டை விட்டான், நல்லாத் தூங்கறான்னு விட்டுட்டோம்னு சொன்னாங்க.

டாக்டர்_நைட்டுடியூட்டி | கோரிமேடு | புதன் இரவு 8:47

மனநல மருத்துவம் படிக்கிறவன். நேர்ல பாக்காம மருந்து சொல்ல மாட்டேன், பொதுவா சொல்றேன்.

பழைய_கணக்கு அண்ணன் சொன்ன குறட்டை விஷயத்த முதல்ல புரிஞ்சுக்கோங்க. ஓபியாய்டு, அதாவது இந்த மாதிரி அபின் வகை வலி மருந்து, அளவு மீறினா மூச்சு அடங்கும். குறட்டை மாதிரி கரகரன்னு சத்தம், எழுப்பினா எழுந்திருக்க மாட்டான், உதடு நீலம் பூக்கும், கண்மணி ஊசிமுனை அளவு சுருங்கும். அது தூக்கம் இல்ல. 108-க்கு அடிங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, கூடவே இருங்க. மோர், எலுமிச்சம்பழச் சாறு எதையும் வாயில ஊத்தாதீங்க, புரையேறிடும். என்ன எடுத்தான்னு ஆம்புலன்ஸ்ல மறைக்காம சொல்லுங்க. நாலாக்சோன்னு முறிவு மருந்து இருக்கு, நேரத்துக்குப் போட்டா ஆள் பிழைப்பான். தூக்க மாத்திரையோ சரக்கோ கூடச் சேந்தா ஆபத்து பல மடங்கு. பாண்டியில சரக்குக்குப் பஞ்சமான்னு நான் வேற சொல்லணுமா.

அக்கா கேட்ட கேள்விக்கு வர்றேன். சென்டரா, மனநலமான்னு ரெண்டாப் பிரிக்கறதே தப்பு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல மது, போதைப் பழக்கத்தால வர்ற மனநிலைக் கோளாறும் மனநோய்ன்ற வரையறைக்குள்ளதான் வருது. அப்பா செத்த துக்கம், தூக்கமின்மை, "இருந்து என்ன பண்ணப் போறேன்", இது மனச்சோர்வா இருக்க நிறைய வாய்ப்பு. டெல்லியில ஊசி போடறவங்ககிட்ட எடுத்த ஆய்வுல பெரும்பாலானவங்களுக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்துச்சு, தற்கொலை எண்ணமும் சாதாரண மக்களவிட ரொம்ப அதிகம். மனச்சோர்வு உள்ளவங்க ஊசியப் பகிர்ந்துக்கறதும் அதிகம்னு பல ஊர் ஆய்வுகள்ல வந்திருக்கு. ஊசிய மட்டும் பிடுங்கிட்டு உள்ள இருக்குறத விட்டா அவன் திரும்ப அதே எடத்துக்குத்தான் போவான்.

அதனால இன்னிக்கே அவன்கிட்ட நேரா கேளுங்க: "சாகணும்னு தோணுதாடா?" கேட்டா நாமளே எண்ணத்த விதைச்ச மாதிரி ஆகிடும்னு பயப்படாதீங்க, அப்படி ஆகாது. பதில் ஆமான்னு வந்தா தனியா விடாதீங்க, ராத்திரியா இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. வீட்ல பூச்சி மருந்து, எலி பேஸ்ட், மிச்சம் மாத்திரை எதுவும் கை எட்டற எடத்துல வேணாம். 14416 டெலி மானஸ், அரசோட மனநல உதவி எண், எந்நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கெடையாது.

ரூம்ல பூட்டி வெச்சு நிறுத்தறேன்னு மட்டும் இறங்காதீங்க. ஓபியாய்டு நிறுத்தினா படற அவஸ்தையில சாவு அரிதுதான், ஆனா தாங்க முடியாது, ஓடிடுவான். கூடவே தூக்க மாத்திரை ரொம்ப நாள் எடுத்திருந்து திடீர்னு நிறுத்தினா வலிப்பே வரும், உயிருக்கு ஆபத்து. இன்னொண்ணு, டேப்பென்டடால் எடுக்கறவருக்கு சில மனச்சோர்வு மாத்திரைகளோட ஒத்துக்காது. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் கொட்டிடணும். "தூக்கம் வரல டாக்டர்"னு மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிட்டுப் போறதுதான் வம்பு.

லாஸ்பேட்டை_வாசி | புதன் இரவு 9:30

கடலூர் ஆளு ஜிப்மர்ல காட்டலாமா டாக்டர்? இங்க சில ஆஸ்பத்திரியில ஆதார்ல பாண்டி அட்ரஸ் இருக்கான்னு பாக்கறாங்களே.

டாக்டர்_நைட்டுடியூட்டி | புதன் இரவு 9:41

ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம். கடலூர், விழுப்புரத்துல இருந்துதான் தினம் பஸ் பஸ்ஸா வர்றாங்க. ஆனா கூட்டம் இருக்கும், காலையிலயே வந்துடணும். கடலூர்லயே அரசு தலைமை மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு, தொடர்ந்து காட்டறதுக்குப் பக்கத்துல இருக்கறதுதான் நல்லது.

கெடிலக்கரை_அக்கா | புதன் இரவு 10:20

ஜி.எச். போயிட்டு வந்தேன். ரத்தம் எடுத்தாங்க. தடுப்பு மாத்திரை ஆரம்பிச்சாச்சு, காமாலை ஊசி முதல் டோஸ் போட்டாச்சு. ஒரு நர்ஸம்மா திட்டுவாங்கன்னு நெனச்சேன், டீ வாங்கிக் குடுத்தாங்க. மாத்திரை சாப்பிட்டா குமட்டல்தான்.

தம்பிகிட்ட டாக்டர் சொன்ன மாதிரியே கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "சாகணும்னு இல்லக்கா, எழுந்திருக்காம இருந்தா நல்லா இருக்கும்னு தோணும்"னான். எங்கம்மா சமையக்கட்டுல நின்னு கேட்டுட்டு இருந்திருக்காங்க.

நம்பிக்கை_மையத்தான் | புதன் இரவு 10:35

அப்பாடா. குமட்டலுக்கு சாப்பாட்டுக்கு அப்புறம் போடலாமான்னு கேட்டுப் பாருங்க, நீங்களா நிறுத்திடாதீங்க. காமாலை ஊசி மூணு டோஸ், அடுத்தது ஒரு மாசம், கடைசி ஆறாவது மாசம். ரத்தப் பரிசோதனைக்குத் திரும்ப வரச் சொல்லுவாங்க, தவறாம போங்க.

சுரங்கத்தார் ஐயாவுக்கு. உங்க பையன் மீண்டதுல சந்தோசம், நெசமாவே. ஆனா சிரிஞ்சு குடுத்தா ஆசீர்வாதமான்னு கேட்டீங்களே. மணிப்பூர்ல 1989 கடைசியில ஊசி போடறவங்ககிட்ட எச்.ஐ.வி. இல்லாத மாதிரிதான் இருந்துச்சு. ஆறே மாசத்துல பாதிப் பேருக்குப் பரவிடுச்சு. அவ்வளவு வேகம் இந்த வழி. இன்னிக்கும் நாட்டுல பெரியவங்கள்ல எச்.ஐ.வி. 0.2 சதவீதம்னா, ஊசி போடறவங்ககிட்ட 2021 கணக்குல 9 சதவீதம். 2019-ல வந்த மத்திய அரசு அறிக்கைப்படி ஊசி போடறவங்க சுமார் 8.5 லட்சம் பேர். அவங்களுக்குப் பொண்டாட்டி புள்ள இல்லையா? அதனாலதான் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துலயே புது ஊசி குடுத்துப் பழசத் திரும்ப வாங்கறாங்க. வாங்க வர்ற ஆளு ஒரு நாள் கவுன்சிலர்கிட்ட உக்காருவான். ஓடி ஒளியறவன் உக்காரவே மாட்டான்.

காமாலை சி இன்னும் மோசம். ஊசி மட்டும் இல்ல, கரைக்கற தண்ணி, மூடி, பஞ்சு இதுல கூடப் பரவும். ஆனா 12 வாரம் மாத்திரையில பெரும்பாலும் குணமாகிடுது, 2018-ல இருந்து அரசுத் திட்டத்துல இலவசம். இத நிறைய பேருக்கு யாரும் சொல்றதே இல்ல.

சுரங்கத்தார் | வியாழன் காலை 5:40

கணக்கு எல்லாம் சரி தம்பி. ஆனா ஆஸ்பத்திரியில பத்து நிமிசம் பாத்து மாத்திரை எழுதி அனுப்பறாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் செவுத்துல முட்டிக்கறப்ப வீட்ல இருக்கறது நாங்கதானே? அப்ப யார் வருவா? சென்டர்ல போட்டாத்தான் பெத்தவ ஒரு வாரம் தூங்குவா.

வக்கீல்_பாகூர் | வியாழன் காலை 8:15

ஐயா சொல்றதுல ஞாயம் இருக்கு. உள்ள சேக்கறதே தப்புன்னு யாரும் சொல்லல. எங்க சேக்கறீங்கன்றதுதான் பிரச்சினை. பணம் கட்டறதுக்கு முன்னாடி மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்றிதழக் காட்டச் சொல்லுங்க. மனநல டாக்டர் யாரு, எப்ப வர்றாருன்னு கேளுங்க. சம்மதம் இல்லாம சேக்கறதுன்னா டாக்டர் சொன்ன அதே 2017 மனநலச் சட்டத்துல பிரிவு 89 இருக்கு: ரெண்டு பேர் தனித்தனியாப் பாத்து எழுதணும், அதுல ஒருத்தர் மனநல மருத்துவர், அதிகபட்சம் 30 நாள், அதுக்கு மேலன்னா தனி நடைமுறை. ஆறு மாசம் பாக்கக் கூடாதுன்னு சொல்ற எடத்துக்குச் சட்டத்துல எடமே இல்ல. சங்கிலி போடறது பிரிவு 95-ல நேரடியாத் தடை.

கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரி போகாதவங்களுக்கு: NDPS சட்டம் 64ஏ. உபயோகிச்ச வழக்கோ சிறு அளவு வழக்கோ இருக்கறவர் தானா முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் உள்ள எடத்துலயோ சிகிச்சை எடுத்தா அந்த வழக்குல இருந்து விலக்கு உண்டு. பாதியில விட்டா விலக்கு போயிடும். ஊசி மாத்திக் குடுக்கறதும் போதைக்குப் பதிலா சிகிச்சையா மாற்று மருந்து குடுக்கறதும் குற்றம் இல்லன்னு எச்.ஐ.வி. சட்டம் 2017, பிரிவு 22 சொல்லுது. நம்ம ஸ்டேஷன்ல எத்தன பேர் அத வாசிச்சிருக்காங்கன்னு கேக்காதீங்க.

பழைய_கணக்கு | வியாழன் மதியம் 12:50

ஐயா, ராத்திரி ரெண்டு மணிக்கு யார் வருவான்னு கேட்டது நெஞ்சுல தச்சுது. எனக்கு வந்தது என் பெரியம்மா. எதுவும் கேக்கல. வாசல்ல பாய் போட்டுப் படுத்திருந்துச்சு, ஓடினா மிதிச்சிட்டுத்தான் ஓடணும்.

எனக்கு வழி விட்டது நாக்குக்கு அடியில வெக்கற பியூப்ரினார்பின், வக்கீல் சொன்ன அந்த மாற்று மருந்து. தினமும் போய் நர்ஸ் முன்னாடி வெச்சிட்டு, கரையற வரைக்கும் உக்காந்திருந்து வரணும். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா"ன்னு ஊர்ல சிரிச்சான். சிரிக்கட்டும். ஒடம்பு முறுக்கறது நின்னதும்தான் அம்மாவ நெனச்சு அழவே முடிஞ்சுது. அதுக்கப்புறம்தான் மனநல டாக்டர் பேசறது காதுல ஏறுச்சு. நடுவுல வழுக்கினேன், அங்க யாரும் வெளிய போன்னு சொல்லல.

கெடிலக்கரை_அக்கா | வெள்ளி இரவு 9:05

சித்தப்பாகிட்ட பதிவுச் சான்றிதழ் கேட்டேன். அந்த சென்டர்க்காரர் போன வெச்சிட்டார். சித்தப்பா இப்ப என்கூடப் பேசறதில்ல.

தம்பி திங்கக்கிழமை மனநல டாக்டர்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டான், நான் மட்டும் கூட வரணுமாம், அம்மா வேணாமாம். ஆனா எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்க மாட்டேன்றான். ரத்த சோகைக்குன்னு சொல்லி எடுத்துடலாமா? கைத் தடிப்பு வேற சூடா இருக்கு, நேத்து ராத்திரி குளிர் ஜுரம்.

டாக்டர்_நைட்டுடியூட்டி | வெள்ளி இரவு 9:12

குளிர் ஜுரம்னா திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க. ஊசி போடறவங்களுக்குக் கிருமி ரத்தத்துல ஏறி இதய வால்வுல உக்காந்துக்கும். சாதாரண ஜுரம்னு டோலோ போட்டு மூடினா கஷ்டம். இப்பவே அவசரப் பிரிவுக்குப் போங்க, ஊசிப் பழக்கம் இருக்குன்னு சொல்லுங்க. டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கற ஆன்டிபயாடிக் எதையும் குடுக்காதீங்க.

நம்பிக்கை_மையத்தான் | வெள்ளி இரவு 9:20

பொய் சொல்லி டெஸ்ட் வேணாம்கா. சட்டப்படியும் சம்மதம் வேணும். அதவிட, இப்ப உங்கள ஒருத்தரத்தான் நம்பறான், அதக் கெடுத்துக்காதீங்க. முதல்ல ஜுரத்தப் பாருங்க. டெஸ்ட்ட நாங்க பொறுமையா பேசிக்கறோம், அவன் பேர் வெளிய போகாது.

வீட்ல மிச்சம் இருக்கற ஊசிக்கு மூடி போட முயற்சி பண்ணாதீங்க, அப்பவும் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு மூடி, வரும்போது கொண்டு வாங்க, நான் வாங்கிக்கறேன். குப்பைத் தொட்டியில போட்டா துப்புரவு அக்காங்க கையில ஏறும்.

கெடிலக்கரை_அக்கா | வெள்ளி இரவு 9:31

ஆட்டோ வந்துடுச்சு. வர்றேன்னுட்டான். முழுக்கை சட்ட வேணாம்னு நானே சொல்லி டி-ஷர்ட் போட்டுக் கூட்டிட்டுப் போறேன், டாக்டர் கையப் பாக்கணும்ல.

பழைய_கணக்கு | வெள்ளி இரவு 9:33

நானும் ஜி.எச். பக்கம்தான் இருக்கேன்கா. தம்பிக்கு சரின்னா வாசல்ல நிக்கறேன், இல்லன்னா வேணாம். அவனையே கேட்டுட்டு சொல்லுங்க.